பியானோ மட்டும் போதும் என்றார் ரிஸா

நண்பர்களே, வணக்கம். இங்கே ராப் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் அரிச்சுவடியிலிருந்து தொடங்கப்போவதில்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

1967இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனம் ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டது. பாடியது சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு. எழுதியவர்கள் ஐசக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும். நீ இருக்கும்வரை எனக்கு என்ன கவலை என்கிற காதல் பாட்டு. அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

ஸ்டாக்ஸின் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கினார்கள், சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பதிவுகளின் தனி ஓசைக்கு இந்தத் தரையும் ஒரு காரணம் என்பார்கள். இதை ஏன் சொல்கிறேன்? சாம்பிள் எடுப்பவர், அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் வைப்பவர், ஸ்வரத்தை மட்டும் எடுப்பதில்லை, அந்த அறையையும் சேர்த்தே எடுக்கிறார். அதே ஸ்வரங்களை இன்று நல்ல கலைஞரை வைத்து வாசித்தாலும் அந்த அறை வராது.

இப்போது 1993க்கு வாருங்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்து வந்த வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் முதல் ஆல்பம். அதன் இசையை அமைத்த புரொடியூசர் ரிஸா, சார்மெல்ஸ் பாட்டின் தொடக்கத்தில் வரும் பியானோவை வெட்டி லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப வரும்படி, ஓடவிட்டார். அதுதான் 'க்ரீம்'. சுற்றியுள்ள எல்லாவற்றையும் காசுதான் ஆள்கிறது என்று சொல்லும் பாட்டு.

மூலப் பாட்டில் அந்தப் பியானோ ஒரு முன்னறிவிப்பு. அடுத்து அந்தப் பெண்கள் பாடப்போகிறார்கள், ஆறுதல் வரப்போகிறது. ரிஸா அந்த ஆறுதலுக்கு முன்னாலேயே கத்தரியை வைத்துவிட்டார். பியானோ கேட்கிறது, கேட்கிறது, மறுபடி ஆரம்பத்துக்கே போகிறது. அதன்மேல் குழுவின் ராப்பர் இன்ஸ்பெக்டா டெக் பதினைந்து வயதில் சிறைக்குப் போன கதையைச் சொல்கிறார். முடியாத லூப், மாறாத வாழ்க்கை. சோகத்தை ரிஸா புதிதாகச் சேர்க்கவில்லை. காதல் பாட்டின் தேற்றலை எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எல்லா இடத்திலும் ரிஸா மூலப் பாடகரின் குரலை நீக்குவதில்லை. அதே ஆல்பத்தில் 'டியர்ஸ்' இருக்கிறது. அதில் 1964இல் ஸ்டாக்ஸிலேயே வெண்டி ரெனே பாடிய, சிரிப்புக்குப் பின் கண்ணீர் வரும் என்ற வரி பல்லவியாகவே வருகிறது. அவர் பாடியது காதல் முறிந்த வருத்தம். இங்கே அதே வரி, கடைக்கு அனுப்பிய தம்பி சுட்டுக் கொல்லப்பட்ட கதைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சரி, இந்தப் பாட்டுகளில் கேட்கும் ஒலியின் கரகரப்புக்கு வருவோம். அந்தக் கால நியூயார்க்கில் பலர் வைத்திருந்த சாம்ப்ளர், அதாவது சாம்பிள் எடுக்கும் கருவி, எஸ்.பி-1200. 1987இல் வந்தது. பன்னிரண்டு பிட், அதாவது ஒலியின் நுணுக்கம் குறைவு, மொத்தமே சுமார் 10 விநாடி நினைவகம். பத்து விநாடியில் என்ன செய்வது? நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிவுசெய்தார்கள், அப்புறம் கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். இடம் மிச்சம். கூடவே ஒலி தேய்ந்து, பொடிப்பொடியாகி, அழுக்காக வந்தது. அந்த அழுக்கு பிடித்துப்போனது. (ரிஸா அப்போது பயன்படுத்தியது என்சோனிக் நிறுவனத்தின் சாம்ப்ளர்.) இன்று கணினியில் ஒரு பட்டனைத் தட்டிக் கீறல் சத்தம் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. தேவை எதுவும் இல்லாமல் ஒட்டவைத்த கரகரப்பு அது.

காசு விஷயமும் உண்டு. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதியில்லாமல் ஒரு பழைய பாட்டை எடுத்தார் என்ற வழக்கில், திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பை ஆரம்பித்தார். அதன்பின் அனுமதியும் கட்டணமும் இல்லாமல் பெரிய நிறுவனங்கள் சாம்பிளைத் தொடவே அஞ்சின. பிஸ் மார்க்கி சளைக்கவில்லை, அடுத்த ஆல்பத்துக்கே 'எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்று பொருள்படும் பெயர் வைத்தார்! 'க்ரீம்' பாட்டின் ஆசிரியர் பட்டியலில் ஹேய்ஸும் போர்ட்டரும் இருக்கிறார்கள். பாடிய பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. எழுதியவருக்குத்தான் அங்கே உரிமை.

2009இல் எல் மிஷெல்ஸ் அஃபேர் என்ற சோல் குழு வூ-டாங் பாட்டுகளை வாத்தியங்களில் வாசித்து ஒரு ஆல்பமே போட்டது. 'க்ரீம்' அதிலும் உண்டு. ரிஸா வெட்டி எடுத்ததை மனிதர்கள் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். மூன்றையும் வரிசையாகப் போடுகிறேன், கேளுங்கள். முதலில் சார்மெல்ஸ்.