வள்ளியம்மையும் புளூம்ஃபொன்டைன் பெண்களும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே,

தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைக் கேளாத தமிழர் இருக்க முடியாது. தில்லையாடியில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் மேடைகளில் நாம் சொல்லிவரும் வள்ளியம்மையின் கதை மானத்தைப் பற்றிய கதையாக மட்டுமே சுருங்கிவிட்டது என்பதும், அதனால் தென்னாப்பிரிக்காவில் அவர் பங்கேற்ற போராட்டத்தின் கூலிக் கணக்கும் நிறவெறிக் கணக்கும் நம் கண்ணில் படாமல் போயின என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்தது.

1913 மார்ச் 14 அன்று கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். பலதார மணத்தை ஏற்கும் சமய முறைப்படி நடந்த திருமணங்களைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது என்பது அதன் சாரம். இந்துவோ இஸ்லாமியரோ, ஒரே மனைவியோடு வாழ்ந்த குடும்பமும் இதற்குள் அகப்பட்டது. மனைவியர் அனைவரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகளாயினர் என்ற பேச்சு பரவியதும் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். மேடைக்கு ஏற்ற பகுதி இது; இதை நாம் நன்றாகவே சொல்லி வருகிறோம்.

நாம் வேகமாகக் கடந்துவிடும் பகுதி மூன்று பவுண்டு வரி. கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலேயே தங்கினால், ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் அவர்களுடைய பிள்ளைகள் மீதும் இந்த வரி விழுந்தது. ஆண் பிள்ளைக்கு 16 வயதிலும் பெண் பிள்ளைக்கு 13 வயதிலும் அது தொடங்கிற்று. ஒப்பந்தத்தின் முதலாண்டில் ஆணுக்கு மாதக் கூலி 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். ஆணுக்கு ஆறு மாதக் கூலியாக இருந்த அதே வரி, பெண்ணுக்கு முழு ஓராண்டுக் கூலி. பெண்ணுக்குக் கூலியைப் பாதியாக்கிய அரசு வரியைப் பாதியாக்கவில்லை!

1913 அக்டோபரில் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்கள், ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர், நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அவர்களில் ஆறு பேர் கைக்குழந்தைக்காரிகள். சுரங்கங்கள் நின்றன, நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். அந்தப் பதினொருவரின் பெயர்ப் பட்டியலைக் காந்தி எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒன்பது பேர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பி.கே. நாயுடு என்று கணவர் பெயராலேயே குறிக்கப்படுகிறார்கள். மனைவி என்ற தகுதிக்காகச் சிறை சென்றவர்களுக்கு வரலாறு கொடுத்த இடமும் மனைவி என்பதுதான். அந்தப் பட்டியலில் இல்லாத வள்ளியம்மைக்குச் சொந்தப் பெயர் கிடைத்ததற்கு அவர் மணமாகாத பெண் என்பதும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கடுங்காய்ச்சலோடு வெளிவந்த அவர், 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். வயது 16. அந்த ஆண்டே வரி நீங்கியது; ஒருதார மணங்கள் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

இனி, நம் மேடைகளில் ஒருபோதும் ஒலிக்காத பகுதிக்கு வருகிறேன். அதே 1913இல், அதே நாட்டில், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் புளூம்ஃபொன்டைன் நகரில் ஆப்பிரிக்கப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தெருவில் இறங்கினார்கள். நகரத்தில் வாழவும் வேலை செய்யவும் அவர்கள் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு, அதாவது ‘பாஸ்’, வாங்கி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை என்றானபின் சீட்டுகளை வீசியெறிந்து, அபராதம் கட்ட மறுத்துச் சிறை சென்றார்கள். நம் பெண்கள் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இது நடந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான், ஆப்பிரிக்கரின் நில உரிமையைப் பறித்த சட்டமும் வந்தது.

இரண்டு போராட்டங்களும் கைகோக்கவில்லை. அந்த மாகாணத்தில் இந்தியர் குடியேறுவதற்கே தடை இருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். 1908இல் ஆப்பிரிக்கக் கைதிகளோடு தம்மை அடைத்ததைக் காந்தி இழிவாகக் கருதி எழுதியிருக்கிறார். இந்தியரை ஆப்பிரிக்கரோடு ஒன்றாக வைக்காதீர் என்பது அன்றைய இந்தியத் தலைமையின் கோரிக்கைகளில் ஒன்று. 2018இல் கானா பல்கலைக்கழகத்திலிருந்து காந்தி சிலை அகற்றப்பட்டபோது இங்கே பலர் கோபப்பட்டார்கள்; அந்தக் கோபத்தில் பாதியையாவது இந்தப் பழைய ஏடுகளைப் படிப்பதில் செலவிட்டிருக்கலாம். இதைச் சொல்வதால் வள்ளியம்மையின் தியாகம் குறைந்துவிடாது. ஆப்பிரிக்கரிடமிருந்து ஒதுங்கி நிற்கும் முடிவை எடுத்தவர் அந்தப் பதினாறு வயதுப் பெண் அல்லர்.

பின்வந்த தலைமுறை அந்த ஒதுக்கத்தை உடைத்தது. 1947இல் நேட்டால் இந்தியர்களின் தலைவரான டர்பன் மருத்துவர் மான்டி நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைவர் யூசுஃப் தாதுவோடு சேர்ந்து ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவர் சூமாவுடன் ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டார். 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசு மாளிகைக்கு அணிவகுத்துச் சென்றார்கள். முன்னின்று நடத்திய நால்வரில் லிலியன் இங்கோயி ஆப்பிரிக்கர்; ரஹிமா மூசா இந்திய வம்சாவளியினர். அவர்கள் எதிர்க்கச் சென்றது, 43 ஆண்டுகளுக்கு முன் புளூம்ஃபொன்டைன் பெண்கள் வீசியெறிந்த அதே பாஸ் முறையைத்தான்.