மாப்பிள்ளை வந்துவிட்டார், அடையாளம்தான் தெரியவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நகரப் பேருந்துகளுக்கு, எந்த வகை வண்டிக்கு எந்த வண்ணம் என்ற ஒரே ஒழுங்கு வேண்டும் என்னும் அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "பேருந்தே நேரத்துக்கு வராத ஊரில் அதற்குச் சாயம் பூசுவது, மாப்பிள்ளை வராத கல்யாணத்துக்குப் பந்தல் ஜோடிப்பதைப் போன்றது" என்று சொல்லிப் பலத்த கைதட்டலை வாங்கிக்கொண்டு அமர்ந்தார். நானும் தட்டினேன், நல்ல நகைச்சுவைக்கு அணி பார்க்கக் கூடாது. ஆனால், நிறுத்தத்தில் நின்று பழகியவர்களுக்கு உண்மை தெரியும். மாப்பிள்ளை வராமல் இல்லை, ஐயா. வரிசையாக வந்துகொண்டுதான் இருக்கிறார். பச்சையில் ஒருவர், நீலத்தில் ஒருவர், சன்னல் கண்ணாடி வரை சோப்பு விளம்பரத்தைப் போர்த்திக்கொண்டு ஒருவர். இவர்களில் நம் வீட்டு மாப்பிள்ளை யார் என்று பெண் வீட்டார் கண்டுபிடிப்பதற்குள் அவர் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார்.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தூரத்தில் ஒரு வண்டி வந்தது. முகப்பில் பலகை இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு. பெரியப்பா கையை நீட்டினார், வண்டியும் நின்றது. ஏறி அமர்ந்து, நடத்துநரைத் தேடினார். நடத்துநரைக் காணவில்லை. பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. திரும்பிப் பார்த்தால், எல்லார் கழுத்திலும் அட்டை. பயணச்சீட்டுக்குப் பதிலாக இப்போது அட்டை முறை வந்துவிட்டது போலும் என்று எண்ணிய பெரியப்பா, பையிலிருந்து மூத்த குடிமக்கள் அட்டையை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அது ஒரு தொழிற்சாலையின் ஒப்பந்தப் பேருந்து என்பது, வாயிற்காவலர் அவரைப் பார்த்து, "ஏன் சார் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

இது பெரியம்மா சொல்லும் வடிவம். பெரியப்பா சொல்லும் வடிவத்தில் காவலர் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார். என் தம்பியின் வடிவத்தில் பெரியப்பா வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே போட்டுவிடுகிறார். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததா என்று பெரியம்மா இன்றும் விசாரிக்கிறார். எந்த வடிவத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரு பொதுப் பேருந்துக்கும் ஒரு தனியார் வண்டிக்கும் தூரத்திலிருந்து வேறுபாடு தெரியவில்லை என்பது மட்டும் மாறவில்லை. லண்டனில் ஒரு பேருந்து நிறுவனம் 1907-ஆம் ஆண்டிலேயே போட்டி வண்டிகளுக்கு நடுவே தன் வண்டி தனித்துத் தெரிய வேண்டும் என்று சிவப்பைப் பூசியது. அந்தச் சிவப்புக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது.

இனி, அந்தப் பந்தலுக்கே திரும்பி வருகிறேன். தோழரை அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை. சாயம் பூசினால் பேருந்து நேரத்துக்கு வருமா என்றுதானே கேட்டார்? தென்கொரியாவின் சியோல் நகரம் 2004 ஜூலை 1-ஆம் நாள் தன் பேருந்துகளை வண்ணப்படி பிரித்தது. முதன்மைச் சாலைகளில் நெடுந்தூரம் ஓடுபவை நீலம், குடியிருப்புகளிலிருந்து ரயில் நிலையங்களுக்கும் முதன்மைத் தடங்களுக்கும் ஆட்களைக் கொண்டுசேர்ப்பவை பச்சை, புறநகர் விரைவு வண்டிகள் சிவப்பு, நகர் மையத்தைச் சுற்றுபவை மஞ்சள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் தடம் முதன்மை, எது கிளை என்று பிரிக்காமல் எந்த வண்டிக்கு எந்த வண்ணம் என்று முடிவு செய்யவே முடியாது. ஆகவே வண்ணத்தோடு தடங்களும் திருத்தப்பட்டன, சாலை நடுவே பேருந்துக்கெனத் தனிப்பாதைகள் வந்தன, வண்டி மாறினாலும் தொலைவைக் கணக்கிட்டு ஒரே கட்டணம் என்ற முறையும் வந்தது. தொடக்க நாட்களில் பெருங்குழப்பம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. பிரேசிலின் குரிடிபா நகரத்திலும் இப்படித்தான்: விரைவுத்தட வண்டி சிவப்பு, அதற்கு ஆள் சேர்க்கும் வண்டி ஆரஞ்சு. பந்தல் போடத் தொடங்கிய பிறகுதான், தோழரே, அங்கே மாப்பிள்ளைக்கு வழியே சரியாயிற்று.

நிறக்குருடு உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று அம்மையார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சியோலில் வண்ணத்தோடு ஒரு பெரிய எழுத்தையும் வண்டியின் பக்கவாட்டில் பொறித்தார்கள். எண்ணும் எழுத்தும் இருக்கட்டும், வண்ணமும் இருக்கட்டும் என்பதே எங்கள் கட்சி. செலவைப் பற்றிக் கவலைப்பட்டவருக்கும் ஒரு சொல்: எப்படியும் புதுப்பிக்கும்போது பூசத்தான் போகிறோம், அப்போது முறையாகப் பூசுங்கள் என்கிறோம்.

நடுவர் அவர்களே, இதுவரை சிரித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேலை முடித்து, இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக மாலை நெரிசலில் நிற்கிறார். நமக்குப் பலகை இருக்கிறது, கைப்பேசிச் செயலி இருக்கிறது. அவருக்கு இருப்பது பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கும் வாய் ஒன்றுதான். ஒவ்வொரு வண்டிக்கும் கேட்கிறார். ஒருவர் பதில் சொல்கிறார், ஒருவர் கைப்பேசியிலிருந்து முகத்தை எடுப்பதில்லை, ஒருவர், "அதோ எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா?" என்கிறார். தெரியாது, ஐயா! அந்தச் சொல்லை அந்தப் பிள்ளை முன்னால் கேட்டுக்கொண்டுதான் அவர் அடுத்த வண்டிக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. சிவப்பு வந்தால் ஏறலாம் என்று அவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு அவர் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. தோழரின் கேலிக்குக் கிடைத்த கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும். தீர்ப்பை மட்டும் அந்தத் தாய்க்கு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி.