மூணாவது கேம்ல கால் நகர மாட்டேங்குது, ஸ்மாஷும் போகல, புது பேட் வாங்கட்டுமா?

சரி, அடுத்த கேள்வி. திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, கொஞ்சம் பெருசா எழுதியிருக்காரு, நான் சுருக்கிச் சொல்லிடுறேன். தம்பிக்கு 19 வயசு, 62 கிலோ, காலேஜ் போறாரு, ஒரு வருஷமா சாயங்காலம் 6 மணியில இருந்து 8 மணி வரைக்கும் இண்டோர்ல ஷட்டில், அதாவது பேட்மின்டன், ஆடுறாரு. முதல் கேம் நல்லா போகுது, மூணாவது கேம்ல கால் நகர மாட்டேங்குது, ஸ்மாஷ், அதான் மேல இருந்து கீழ ஓங்கி அடிக்கிறது, அடிச்சா எதிர்ல இருக்கவங்க அசால்ட்டா எடுத்துடுறாங்க. 12,000 ரூபாய்க்கு ஒரு பேட் பார்த்து வச்சிருக்காராம், கூடவே வே ப்ரோட்டீன் ஒரு டப்பா வாங்கலாமான்னும் யோசனை. "எதை முதல்ல வாங்கட்டும் அண்ணா"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, ரெண்டையுமே இப்ப வாங்காதீங்க. கோவிச்சுக்காதீங்க, ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த மூணாவது கேம் பிரச்சனை. உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு, நீங்களே எழுதியிருக்கீங்க, மத்தியானம் 1 மணிக்கு டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம், அப்புறம் சாயங்காலம் கேன்டீன்ல ஒரு டீ ரெண்டு பஜ்ஜி, நேரா கோர்ட்டுக்கு. அப்போ 1 மணிக்குச் சாப்பிட்டதை வச்சுக்கிட்டு 7 மணிக்கு மூணாவது கேம் ஆடுறீங்க. ஷட்டில்ல ஒரு ராலி சில செகண்ட்தான், ஆனா அந்த சில செகண்டும் ஓடு, நில்லு, குதி, குனின்னு முழு வேகம், அதையே திரும்பத் திரும்ப மூணு கேம் செய்ய உடம்பு பெரும்பாலும் நம்பியிருக்குறது தசையில சேர்ந்து கிடக்குற கிளைகோஜனைத்தான், அது மாவுச்சத்துல இருந்து வர்றது. அது குறைஞ்சா மனசு "போ"ன்னு சொல்லும், கால் போகாது. இதுக்கு ப்ரோட்டீன் டப்பா என்ன செய்யும் சொல்லுங்க? பஜ்ஜி இன்னும் மோசம், எண்ணெய்ப் பலகாரம் வயித்தை விட்டு மெதுவாத்தான் இறங்கும், நீங்க நெட்டுக்கிட்ட குனியும்போது அது மேல வரும்.

அதனால நாலரை மணிக்கு காலேஜ் விட்டதும் ரெண்டு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய். இல்லைன்னா மூணு இட்லி கொஞ்சம் சாம்பாரோட, தேங்காய்ச் சட்னியை அன்னிக்கு ஓரமா வச்சிடுங்க. ஆடுறதுக்கு ஒன்னரை மணி நேரம் முன்னாடி இது உள்ள போயிடணும். பொரிச்சது வேணாம், வயிறு முட்டவும் வேணாம். ரெண்டு வாரம் இதை மட்டும் மாத்திப் பாருங்க, வேற எதையும் தொடாதீங்க, அப்பதான் எதனால முன்னேற்றம் வந்துச்சுன்னு தெரியும்.

தண்ணி விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஊர் இண்டோர் கோர்ட் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், மேல தகர ஷெட், காத்துல காக், அதான் இறகுப் பந்து, அலையுதுன்னு ஜன்னலைச் சாத்திருவாங்க, ஃபேனை ஆஃப் பண்ணிருவாங்க, பத்து நிமிஷத்துல பனியனைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். ஒரு நாள் ஆடுறதுக்கு முன்னாடியும் ஆடி முடிச்ச பிறகும் உடம்பைத் துடைச்சுட்டு எடை பாருங்க. 62 கிலோல 2 சதவீதம்னா ஒன்னேகால் கிலோ, அதுக்கு மேல குறைஞ்சிருந்தா நீங்க குடிக்கிறது பத்தல, கடைசி கேம்ல தலை கிறுகிறுன்னு வர்றதுக்கும் சம்பந்தமே இல்லாம காக்கை வெளிய அடிக்கிறதுக்கும் அதுவே ஒரு காரணமா இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுறீங்கன்னா வெறும் தண்ணியை விட ஒரு லிட்டர் தண்ணியில 60 கிராம் சக்கரை, அதாவது தலை தட்டி ஒரு அஞ்சு டேபிள்ஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம், கலக்கி பாட்டில்ல ஊத்திட்டுப் போங்க, கேமுக்கு நடுவுல ரெண்டு ரெண்டு வாயா குடிங்க. கடையில கலர் கலரா விக்கிறதுல இருக்குற முக்கியமான சரக்கு இதுதான், என்ன, லேபிள் இருக்காது. சுகர் இருக்கவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு செய்யுங்க.

இப்ப ப்ரோட்டீன். வே ஒன்னும் விஷம் கிடையாது, பால்ல இருந்து எடுக்குறதுதான், அதை வச்சு பயமுறுத்துற வாட்ஸ்அப் ஃபார்வேர்டெல்லாம் நம்பாதீங்க. ஆனா ஒரு ஸ்கூப்ல இருக்குறது சுமார் 24 கிராம், நாலு முட்டையில இருக்குற அளவு, அவ்வளவுதான். உங்களை மாதிரி தினமும் ஆடுறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4ல இருந்து 1.6 கிராம் வச்சா ஒரு நாளைக்கு 87ல இருந்து 99 கிராம் வேணும். வீட்டுச் சாப்பாட்டுல, அதாவது காலையில இட்லி சாம்பார், மத்தியானம் சாதம் பருப்பு தயிர், ராத்திரி சப்பாத்தி, ஒரு டம்ளர் பால், எல்லாம் சேர்த்து தோராயமா 50, 55 கிராம் வந்துடும். மிச்சம் 35 கிராம்தான் பிரச்சனை. மூணு முட்டை 18 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் 14 கிராம், கணக்கு முடிஞ்சுது. முட்டை சாப்பிடாத வீடுன்னா சோயா சங்க் 50 கிராம் எடுத்துக்கிட்டா 26 கிராம், மிச்சத்துக்கு ஒரு கை வேர்க்கடலை, கொஞ்சம் பனீர். இதெல்லாம் ஹாஸ்டல்ல கிடைக்கலன்னா அப்ப வே வாங்குங்க, அப்ப அது நியாயம். ஒன்னு மட்டும், ஸ்டேட் நேஷனல்னு போகப்போற பசங்க கண்ட டப்பாவையும் வாங்காதீங்க, லேபிள்ல இல்லாத மருந்து உள்ள கலந்திருந்து ஊக்கமருந்து சோதனையில மாட்டுனா "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சாப்பாடு போதும், ஸ்மாஷுக்கு வருவோம், கேட்டதே அதுக்குத்தான்.

நீங்க பார்த்து வச்சிருக்குற பேட் ஹெட் ஹெவி, அதாவது தலைப்பக்கம் கனம் கூட, ஷாஃப்ட், அதான் நடுக்கம்பி, ஸ்டிஃப்பா இருக்குற மாடல், நம்ம இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரர் சாத்விக் மாதிரி அடிக்கலாம்னு ஆசை. சாத்விக்சாய்ராஜ் 2023ல மணிக்கு 565 கிலோமீட்டர்னு கின்னஸ்ல ஏறுனாரு, வாஸ்தவம். ஆனா அந்த ஸ்டிஃப் ஷாஃப்ட்டை வளைக்கிற அளவுக்கு அவர் கை சுத்துற வேகம் இருக்கு. நம்ம கை அவ்வளவு வேகமா சுத்தலன்னா அந்த ஷாஃப்ட் வளையவே வளையாது, குச்சியால அடிக்கிற மாதிரிதான், அடி தோள்பட்டையிலயும் முழங்கையிலயும் வந்து உக்காரும். மூணு மாசத்துல "அண்ணா, கை வலிக்குது"ன்னு இன்னொரு கேள்வி அனுப்புவீங்க.

ஸ்மாஷ் போகாததுக்கு நான் பார்த்த வரைக்கும் பத்துல எட்டு பேருக்கு ரெண்டே காரணம். ஒன்னு, பிடி. பேட்டை தோசைக்கரண்டி மாதிரி பிடிக்கிறது, பேட்டோட முகம் நேரா நெட்டைப் பார்த்துட்டு இருக்கும். அப்படிப் பிடிச்சா முன்னங்கை சுத்தவே முடியாது, மணிக்கட்டை மட்டும் தட்டுவீங்க, டொக்குன்னு ஒரு சத்தம் வரும், காக் போகாது. கை குலுக்குற மாதிரி பிடிங்க, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவுல ஆங்கில வி எழுத்து தெரியணும், விரல் தளர்வா இருக்கணும், அடிபடுற அந்த நொடியில மட்டும்தான் இறுக்கணும். உள்ளங்கை உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா திரும்பும் பாருங்க, அந்தச் சுத்துலதான் வேகமே இருக்கு.

எங்க ஏரியாவுல பூப்பந்து, அதான் பால் பேட்மின்டன், ஆடிட்டு இதுக்கு வந்த பெரியவங்க நிறைய பேரு, தஞ்சாவூர்ல பிறந்த ஆட்டம், மஞ்சள் கம்பளிப் பந்து 27ல இருந்து 30 கிராம் வரைக்கும் இருக்கும். அதுக்கு முழுக் கையையும் வீசணும். ஷட்டில் காக் அஞ்சு கிராம் சுத்தி வரும், அதுக்கு அந்த வீச்சு தேவையே இல்ல, வீசுனா அடுத்த ஷாட்டுக்குக் கை திரும்பி வராது. உங்களுக்கு அப்பாவோ சித்தப்பாவோ சொல்லிக் கொடுத்திருந்தா இதைக் கொஞ்சம் செக் பண்ணிக்கோங்க.

ரெண்டாவது காரணம், இதுதான் பெருசு, காக்குக்குப் பின்னாடி போகாம கீழ நின்னு அடிக்கிறது. ஃபோனை சைடுல ஸ்டூல் மேல சாய்ச்சு வச்சு ஸ்லோ மோஷன்ல எடுங்க. பேட்டு காக்கைத் தொடுற ஃப்ரேம்ல நிறுத்துங்க. காக் உங்க நெத்திக்கு முன்னாடி இருக்கா, இல்ல காதுக்குப் பின்னாடி இருக்கா? பின்னாடி இருந்தா 12,000 இல்ல 25,000 பேட்டை வச்சு அடிச்சாலும் அது மேலதான் போகும், எதிராளி சும்மா பிளாக் பண்ணிட்டு நிப்பான். அப்போ கை பிரச்சனை இல்ல, கால் பிரச்சனை. எதிராளி அடிக்கிற அதே நேரத்துல ஒரு சின்னக் குதி, ஸ்ப்ளிட் ஸ்டெப்னு சொல்லுவாங்க, ரெண்டு காலும் அகட்டி முன்பாதத்துல இறங்கணும், அதுல இருந்துதான் எந்தப் பக்கமும் பாய முடியும். அது இல்லாம தரையில ஊனி நின்னுட்டு காக் வந்த பிறகு கிளம்புனா அரை செகண்ட் லேட்டு, ஷட்டில்ல அரை செகண்ட்ங்கிறது ஒரு பாயிண்ட்.

பேட் மட்டும் கையில வச்சுக்கிட்டு, காக் இல்லாம, ஆறு மூலைக்கும், அதாவது முன்னாடி ரெண்டு, பக்கவாட்டுல ரெண்டு, பின்னாடி ரெண்டு, போய்ட்டு நடுவுக்கு வாங்க. ஃப்ரெண்டை மூலையைக் கையால காட்டச் சொல்லுங்க, நீங்களா முடிவு பண்ணிப் போகாதீங்க. 20 செகண்ட் போங்க, 40 செகண்ட் நில்லுங்க, எட்டு பத்து தடவை. இதை ஆடி முடிச்சு களைச்ச பிறகு செய்யாதீங்க, ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செய்யுங்க, களைச்ச கால் தப்பான அடியைத்தான் பழகும்.

அப்புறம் காக் போட்டு பழகும்போது நம்ம பசங்க செய்யுறது என்னன்னா, ஒரே இடத்துக்கு அம்பது ஸ்மாஷ், அடுத்து அம்பது டிராப், அதான் நெட்டை ஒட்டி மெதுவா விழ வைக்கிறது. பார்க்க நல்லா இருக்கும், கடைசிப் பத்து சூப்பரா விழும், வீட்டுக்கு சந்தோஷமா போகலாம். ஆனா 1986ல கூட், மேகில்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல பேட்மின்டன் சர்வீஸை வச்சே ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. புதுசா கத்துக்குற பொண்ணுங்களுக்கு மூணு விதமான சர்வீஸ், சில பேருக்கு ஒவ்வொன்னா தனித்தனியா, சில பேருக்கு மாத்தி மாத்திக் கலந்து. பின்னாடி சோதிச்சுப் பார்த்தப்ப கலந்து பழகுனவங்கதான் நல்லா போட்டாங்க, பழகாத பக்கத்துல இருந்து போடச் சொன்னப்பவும் அவங்கதான். ஏன்னா மேட்ச்ல யாரும் உங்களுக்கு அம்பது காக்கை ஒரே இடத்துல தூக்கிக் குடுக்கப் போறதில்ல. அதனால ஒரு இருபது பழைய காக்கைச் சேர்த்து வைங்க, ஃப்ரெண்டு நெட்டுக்கிட்ட நின்னு இஷ்டத்துக்குப் போடட்டும், நீங்க எடுங்க. அன்னிக்கு கேவலமாத்தான் இருக்கும், பாதி நெட்ல விழும், பரவாயில்ல, அதான் பழக்கம்.

இன்னொன்னு, ஸ்மாஷ் மட்டுமே ஆட்டம்னு நினைச்சுடாதீங்க. நம்ம சென்னைப் பையன் சங்கர் முத்துசாமி 2022ல உலக ஜூனியர்ல வெள்ளி வாங்குனப்ப ஆடுன ஆட்டத்தைப் பாருங்க, எதிராளி என்ன அடிச்சாலும் திரும்பி வரும், அடிச்சு அடிச்சு அவனே வெளிய அடிப்பான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல வெள்ளி வாங்குன நம்ம காஞ்சிபுரம் துளசிமதி ஆட்டத்துலயும் கால் எப்படி நகருதுன்னு கவனிங்க.

சரி, காசு இருக்கு, செலவு பண்ணியே ஆகணும்னா எங்க பண்றது? ஷூ. முதல்ல ஷூ. நீங்க ரன்னிங் ஷூ போட்டு ஆடுறேன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அதைப் படிச்சதும்தான் பகீர்னுச்சு. ரன்னிங் ஷூ நேரா ஓடுறதுக்குச் செஞ்சது, குதிகால்ல தடியா மெத்தை இருக்கும், பக்கவாட்டுல பாயும்போது அந்த மெத்தை மேல கால் சாஞ்சு கணுக்கால் மடங்கும். பேட்மின்டன் ஷூ தரையோட தாழ்வா இருக்கும், அடியில கம் ரப்பர், பக்கவாட்டுல பிடிமானம். அதை ரோட்டுல போட்டுட்டு வராதீங்க, பையில கொண்டு வந்து கோர்ட்ல மாத்துங்க, மண் ஒட்டுனா வழுக்கும், ஈரத்துணியால அடிப்பக்கத்தை ஒரு துடை துடைச்சுக்கோங்க.

அடுத்து ஸ்ட்ரிங், பேட்ல பின்னியிருக்குற நரம்பு. கடையில "ப்ரோ எல்லாம் 28 பவுண்ட்தான் ப்ரோ"ன்னு சொல்லி டைட்டா போட்டு விட்டுருவாங்க. டைட்டா போட்டா கன்ட்ரோல் கூடும், ஆனா பேட்ல சரியா படவேண்டிய இடம் சுருங்கிடும், அது நடுவுல அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. உங்களுக்கு இப்ப 22ல இருந்து 24 பவுண்ட் போதும், ஸ்ட்ரிங்கே காக்கை உந்தித் தள்ளும், அந்த டென்ஷனுக்கே உங்க பழைய பேட்ல ஸ்மாஷ் கொஞ்சம் கூடத்தான் போகும். பேட்ல எத்தனை பவுண்ட் வரைக்கும் தாங்கும்னு எழுதியிருக்கும், அதைத் தாண்டிப் போடாதீங்க. கிரிப் பழசு மேல பழசா சுத்தி தடியா ஆயிடுச்சுன்னா உரிச்சுட்டு புதுசா ஒன்னு சுத்துங்க, தடி கிரிப்ல பேட்டை விரலால திருப்ப முடியாது. வேர்வை அதிகம்னா டவல் கிரிப்.

பின்னாடி பேட் மாத்துறப்ப 4யூ எடுங்க, அது பேட்டோட எடையைச் சொல்ற குறி, 80ல இருந்து 85 கிராமுக்குள்ள வரும், ஷாஃப்ட் மீடியம், பேலன்ஸ் நடுத்தரம். அது 3,000 ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். பழகுறதுக்கு நைலான் காக் தாராளமா போதும், நீலப் பட்டை மீடியம், பச்சை மெதுவா போறது, உங்க ஊர் வெயிலுக்கு காக் நிறைய வெளிய போகுதுன்னா பச்சை வாங்கிப் பாருங்க, சூட்டுல காத்து லேசாகி காக் தூரமா போகும், உங்க அடி மேல தப்பில்ல.

மிச்சக் காசு இருந்தா ரெண்டு மாசம் ஒரு கோச்சுக்கிட்ட குடுங்க, வீடியோவுல நான் பேசுறதை விட பக்கத்துல நின்னு உங்க முழங்கையைப் பிடிச்சுத் தூக்கி விடுற ஆள் மேல். ஜிம்முக்குப் போகலாமான்னு கடைசியில ஒரு வரி கேட்டிருந்தீங்க, போலாம், வாரம் ரெண்டு நாள், காலுக்கும் இடுப்புக்கும், வெறும் பைசெப்ஸ் அடிச்சுட்டு வந்துடாதீங்க.

அடுத்த கேள்வி, ஒரு அம்மா கேட்டிருக்காங்க, பையனுக்கு எட்டு வயசு, பெரியவங்க பேட்டைக் கையில குடுக்கலாமான்னு. குடுக்கலாம், கிரிப்பைக் கழட்டிட்டு மெல்லிசா சுத்திக் குடுங்க. இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.