ஃபிளிக்-அன்-ஃபிளாக் கடலில் தம்பி காலில் முள்! பிளாஸ்க் வெந்நீர்தான் கைகொடுத்தது

வணக்கம் மக்களே! மொரீஷியஸ் தீவில், குவாட்ர் போர்ன் ஊரிலுள்ள எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கொடியில் காய்வதெல்லாம் நேற்று ஃபிளிக்-அன்-ஃபிளாக் கடற்கரைக்கு எடுத்துப்போன துண்டுகள். இன்று சமையல் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். ஊரிலிருந்து தம்பி குடும்பம் வந்திருக்கிறது. நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

கடலுக்குப் போகும் ஒவ்வொரு வீடியோவிலும் வாட்டர் ஷூ, வாட்டர் ஷூ என்று, அதாவது தண்ணீருக்குள் போட்டு நடக்கும் ஷூவுக்காக, நான் அடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். தம்பி டிக்கெட் போட்ட அன்றே வாட்ஸ்அப்பில் எழுதினேன், நாலு பேருக்கும் வாங்கி வா என்று. வந்து இறங்கினால் நாலு பேர் காலிலும் ஹவாய் செருப்பு. கேட்டதற்கு, "அக்கா, உன் வீடியோவுலயே தண்ணி குளம் மாதிரிதானே இருக்கு, அதுக்கு எதுக்கு ஷூ?" என்கிறான்.

குளம் மாதிரி இருப்பதால்தான் ஷூ வேண்டும்! இந்தத் தீவைப் பெரும்பாலும் பவளப்பாறை சுற்றி நிற்கிறது. பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே இடுப்பளவு தண்ணீர் பல இடங்களில் வெகுதூரம் போகும். மெரினாவில் அலைக்குப் பயந்து கரையோரமே நிற்கிறோம், இங்கே பயமில்லாமல் உள்ளே நடக்கிறோம். அந்தத் தரையில்தான் உடைந்த பவளம், பந்து மாதிரி உடம்பெல்லாம் முள்ளோடு கிடக்கும் கடல் முள்ளெலி, அரிதாகக் கல்மீன். கல்மீனை இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் 'லாஃப்' என்பார்கள். பாசி பிடித்த கல் மாதிரியே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம்.

சரி, விலைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெரியவர்களுக்கு 450 ரூபாய், பிள்ளைகளுக்கு 350. இது மொரீஷியஸ் ரூபாய், நம்மூர்க் காசில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் இதே ஷூ, இதே நீலம், இதே தையல், 1,350! மூன்று மடங்கு! கையில் எடுத்து வளைத்தும் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஊரிலேயே வாங்கி வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வாங்கும்போது அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காலுறை மாதிரி மெத்தென்று இருந்தால் வேண்டாம், முள் ஏறிவிடும். கெட்டி ரப்பராக இருந்தாலும் கல்மீன் முள்ளை முழுசாகத் தடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வெள்ளை மணலில் மட்டும் கால் வையுங்கள், கல்லை மிதிக்காதீர்கள்.

தம்பி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சந்தையில் கிடைத்தது. தம்பி காலுக்கு 11ஆம் நம்பர், அது மட்டும் இல்லை. வெறுங்காலோடு இறங்கினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "அக்கா!" என்று ஒரு சத்தம்.

தூக்கிப் பார்த்தால் குதிகாலுக்கு மேலே கறுப்புப் புள்ளிகள், எண்ணினேன், ஏழு. கடல் முள்ளெலி. அப்போதுதான் டீ போட வெந்நீர் எடுத்துவந்த பிளாஸ்க் ஞாபகம் வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்த ஜூஸ் பாட்டில்களை மணலில் கொட்டிவிட்டு, வெந்நீரும் கடல் நீரும் கலந்து காலை உள்ளே வைத்தோம். சூடு 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. பிள்ளைக்குக் குளிக்க ஊற்றும்போது முழங்கையால் பார்ப்போமே, அப்படித்தான் பார்த்தேன். வலிக்கிற காலை நம்பிச் சூடு பார்க்காதீர்கள், மரத்துப்போன கால் வெந்துபோனாலும் தெரியாது.

சொல்ல மறந்துவிட்டேன், நாங்கள் உட்கார்ந்திருந்தது சவுக்கு மரத்தடி. பக்கத்திலேயே ஒரு மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம் பிரியாணிச் சட்டியோடு பிக்னிக் வந்திருந்தது. அந்தக் குடும்பத்துப் பாட்டி பேசியதில் வணக்கம் மட்டும் தமிழில், மற்றதெல்லாம் கிரியோலில். தண்ணீர் ஆற ஆற அவர்கள் பிளாஸ்கிலிருந்தும் ஊற்றினார். தம்பி மனைவி ஊக்கை எடுத்துத் தோண்டப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் செய்ததுதான் சரி. முள் உள்ளேயே பொடிந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சாமணத்தால் நேராக இழுக்கலாம். முக்கால் மணி நேரத்தில் தம்பி முகம் தெளிந்தது. பிறகு டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி போட்டோம். மிச்சமிருக்கும் கறுப்பு எல்லாமே முள் இல்லை, சிலது சாயம்தானாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

கல்மீன் குத்தினாலும் முதலுதவி இதே வெந்நீர்தான், ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 114, அதுதான் இங்கே ஆம்புலன்ஸ். இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

அப்புறம், தெற்கே சுயாக் பக்கம் கிரி-கிரி. அங்கே பாறை வளையம் இல்லை, திறந்த கடல். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் இறங்கவே கூடாது. மற்ற இடங்களிலும் மிதவை கட்டிய எல்லைக்குள்ளேயே குளியுங்கள், வெளியே ஸ்பீட் போட் ஓடும்.

வெயிலைப் பற்றி ஒன்று. நமக்குக் கறுத்த தோல், ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். நவம்பர் கடைசியிலும் ஜனவரி மூன்றாம் வாரத்திலும் சூரியன் இங்கே நேர் உச்சியில். மீன் பார்க்கிறேன் என்று குப்புற மிதந்தால் முதுகும் கெண்டைக்காலும் வெந்துவிடும். முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, குளித்து ஏறியதும் இன்னொரு முறை.

கொசு மருந்தைப் பகலில் தடவுங்கள். டெங்கு, சிக்குன்குன்யா கொசு கடிப்பது பகலில்தான். பக்கத்துத் தீவு ரீயூனியனில் 2005-06இல் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குன்யா வந்தது. மாத்திரை கொண்டுவருபவர்கள் டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை விஷயத்தில் இங்கே சட்டம் கெடுபிடி.

நாளை ப்ளூ பே கடற்கரைக்குப் போகிறோம். தம்பி கரையில்தான் உட்காரப்போகிறான், பிளாஸ்க் அவன் பொறுப்பு. 11ஆம் நம்பர் ஷூ மொரீஷியஸில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், 500 ரூபாய்க்குள்.