கண்ணாடியின் விளிம்பைப் பாருங்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். பட்டறைகளில் கிரைண்டர் பிடிக்கும் தம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி இருக்கும். கண்ணில் அல்ல, நெற்றியில். கேட்டால், "ஆவி பிடிக்கிறது அண்ணாச்சி, ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். பொய் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணைச் சுற்றி இறுக மூடினால் ஆவி படியத்தான் செய்யும். திறந்துவிட்டாலோ இரும்புப் பொடி உள்ளே வரும். காற்று வேண்டும், தூசி வேண்டாம். என்ன செய்வது? விலங்குகளின் கண்ணிடம் கேட்டுப் பார்ப்போம்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்ப் பாருங்கள். காற்றாலைகளைச் சுழற்றும் கணவாய்க் காற்றில் ஸ்கூட்டரில் போகிற நாம் கண்ணைக் கசக்குகிறோம். சாலையோரத்து ஆடு அது பாட்டுக்கு மேய்கிறது. அதன் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். மூக்கை ஒட்டிய மூலையில் ஒரு சவ்வு, மூன்றாம் இமை, ஒதுங்கிக் கிடக்கும். வேண்டும்போது குறுக்கே வந்து துடைத்துவிட்டுப் போகும். நமக்கும் அந்த மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு மடிப்பு மிச்சம் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இமைமுடி. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமைமுடியை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளம். செயற்கைக் கண்ணைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றை ஓடவிடும் சோதனைக் குழாயில், வைத்துப் பார்த்தபோது, அந்த நீளத்தில்தான் கண்மேல் காற்று தணிந்தது. தூசி படிவதும் ஈரம் காய்வதும் பாதி வரை குறைந்தன. அதற்கு மேல் நீண்டால், முடியே காற்றைக் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. கல்யாணத்துக்கு ஒட்டு இமை வைக்கும் பெண்கள் என்னைக் கோபிக்க வேண்டாம்.

இமைமுடி கண்ணை அடைக்கவில்லை. காற்றின் வேகத்தை மட்டும் குறைக்கிறது. நம் கண்ணாடி செய்பவர்கள் முன்பக்கத்தைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறார்கள். விளிம்பைப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெறிக்கும் துண்டை முடி தடுக்காது, அதற்குப் பக்க மறைப்பு வேண்டும். ஆனால் அந்த மறைப்பில் காற்றுத் துளை நேராக இல்லாமல் வளைந்து வரட்டும். வளைவில் மெல்லிய தூரிகைமுடி ஒரு வரிசை இருக்கட்டும். திரும்பவும் சொல்கிறேன், விளிம்பு!

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பாம்பைப் பற்றிப் பேசத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கு மூடித் திறக்கும் இமை கிடையாது; கண்மேல் தெளிவான ஒரு செதில், சட்டை உரிக்கும்போது அதுவும் உரிந்து புதிதாகிறது. சேற்றில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுபவர்களும் கண்ணாடிமேல் மெல்லிய படலங்களை ஒட்டி, அழுக்கானதைக் கிழித்து எறிகிறார்கள். கீறல் விழுந்த கண்ணாடியோடு வேலை செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒளி பட்டுப் பளபளப்பதைக் குறைக்கும் அந்துப்பூச்சியின் கண்ணைப் பற்றிப் பேச நேரம் இல்லை. வணக்கம்.