குழந்தைகளின் ஆஸ்துமா: இளைப்பு இல்லாத நாட்களில் செய்ய வேண்டியது

[திரையில்: உறங்கும் குழந்தை, விடியற்கால வெளிச்சம்]

பகலெல்லாம் ஓடி விளையாடும் குழந்தை, விடியற்காலையில் விடாமல் இருமுகிறது. ஒவ்வொரு முறை சளி பிடிக்கும்போதும் இருமல் வாரக்கணக்கில் நீடிக்கிறது; மூச்சை வெளியே விடும்போது நெஞ்சில் விசில் போன்ற ஒலி எழுகிறது. இவை திரும்பத் திரும்ப வந்தால், அது ஆஸ்துமாவாக இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது அவசியம். ஐந்து வயதுக்கு மேல் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை உதவும். அதற்கும் சிறிய குழந்தைகளால் அதைச் சரியாகச் செய்ய இயலாது என்பதால், பெற்றோர் கவனித்துச் சொல்லும் விவரங்களே மருத்துவருக்குப் பெரும் துணையாகின்றன.

[திரையில்: மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டுப் படம்]

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்களில் நாட்பட்ட அழற்சி, அதாவது உட்சுவரில் ஓயாத வீக்கம், இருக்கும். புகை, தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், குளிர்ந்த காற்று, இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ், இவற்றில் ஏதேனும் ஒன்று தூண்டிவிட்டால், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் மேலும் வீங்கி, கெட்டியான சளி சுரந்து எஞ்சியிருக்கும் வழியையும் அடைத்துக்கொள்கிறது. குழந்தைகளின் மூச்சுக்குழாய் இயல்பிலேயே குறுகியது. ஆகவே சிறு வீக்கம்கூட மூச்சைப் பெரிதும் தடுத்துவிடும்.

இளைப்பு அடங்கியதும் நோய் போய்விட்டதாகத் தோன்றும். தசை தளர்ந்துவிட்டது என்பது உண்மைதான். அழற்சியோ வெளியே தெரியாமல் தொடரக்கூடும்.

[திரையில்: இரண்டு இன்ஹேலர்கள் அருகருகே]

இதனால்தான் மருந்துகள் இருவகையாக உள்ளன. சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும். அதன் பலன் சுமார் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். அழற்சியை அது குறைப்பதில்லை. அதைக் குறைப்பது, புடிசோனைடு போன்ற ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு இன்ஹேலர். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், தினமும் எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் குழந்தை நலமாக இருக்கும் நாட்களிலும் அதை நிறுத்தக் கூடாது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிவாரண மருந்தை மட்டும் தனியே தரும் முறையை, ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

ஸ்டீராய்டு என்றதும் பெற்றோருக்கு அச்சம் எழுவது இயல்பு. அதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. இன்ஹேலர் அடிமைப்படுத்துவதில்லை. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவும் மருந்து, இங்கே மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. சில குழந்தைகளின் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு ஏற்படக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளதால், மருத்துவர்கள் பலன் தரும் மிகக் குறைந்த அளவையே தேர்ந்து, உயரத்தையும் அளந்து வருகிறார்கள். கட்டுப்படாத ஆஸ்துமாவோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

[திரையில்: ஸ்பேசருடன் மருந்தை இழுக்கும் குழந்தை]

மருந்து சரியாக இருந்தும் பலன் கிடைக்காதபோது, முதலில் பார்க்க வேண்டியது அதை எடுக்கும் முறையை. அழுத்தி மருந்து வெளிவரும் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும், மருந்தைத் தாங்கி நிற்கும் குழல்) இல்லாமல் பயன்படுத்தினால், பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை மட்டும் அழுத்தி, குழந்தையை ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு இழுத்துவிடச் செய்யுங்கள். அடுத்த அழுத்தத்திற்கு முன் மீண்டும் குலுக்குங்கள். சிறு குழந்தைக்கு முகமூடி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தடுப்பு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளித்தால் வாய்ப்புண் வராமல் தடுக்கலாம்.

வீட்டில் யாரும் புகைபிடிக்காதிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஓடினால் இளைக்கிறது என்றால், ஆஸ்துமா இன்னும் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை என்று கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

[திரையில்: விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கும் படம்]

குழந்தையால் தொடர்ந்து பேசவோ பால் குடிக்கவோ முடியாவிட்டாலும், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும், நிவாரண மருந்து கொடுத்தும் தணியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி வழியிலும் மருந்து கொடுங்கள். விசில் ஒலி மறைந்து குழந்தை சோர்ந்து போனால் அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

அந்தத் திட்டத்தின் ஒரு பிரதியும் நிவாரண இன்ஹேலரும் பள்ளியிலும் இருக்கட்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துச் சென்று, குழந்தை மருந்தை இழுக்கும் விதத்தை மருத்துவருக்குக் காட்டுங்கள். ஏறக்குறைய மூன்று மாதங்கள் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி அவரே பேசுவார். அதுவரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.