காடு படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி ஐயா அவர்களே, கன்னட வீட்டிலிருந்து வந்து இரண்டு மணி நேரமாக நம் தமிழைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் அவர்களே, மைக் செட் கொடுத்த அண்ணாச்சி, பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நம் பெங்களூர் அல்சூரில் கூட்டம் என்றால் பாதி நேரம் சால்வைக்கே போய்விடும். எனக்கும் ஒன்று போட்டார்கள், நன்றி.

வனவிலங்கு மேலாண்மை பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன். என்ன படிப்பு, எங்கே படிப்பது, படித்தால் என்ன வேலை.

புலிக்குப் பின்னால் ஜீப்பில் போவதுதான் படிப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கணக்குதான். ஒரு காலத்தில் கால்தடத்தை வைத்துப் புலியை எண்ணினார்கள். 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்து நாடே திடுக்கிட்டது. அதற்கப்புறம் அரசுக் கணக்கெடுப்பிலும் தானியங்கி கேமராவும் புள்ளியியலும் வந்தன. நம் கைரேகை மாதிரி புலிக்குப் புலி வரி வேறு. படத்தில் சிக்கியவை இத்தனை என்றால் சிக்காதவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். முதுமலையிலும் பந்திப்பூரிலும் புல்லுக்கு இடம் விடாமல் பரவும் உண்ணிச்செடியை என்ன செய்வது, கரும்புத் தோட்டத்தில் யானை இறங்கினால் என்ன செய்வது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது, இதெல்லாம் பாடம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதனால் மாதக்கணக்கில் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் தங்கை மகள் இப்படித்தான் சத்தியமங்கலம் காட்டுக்குப் போனாள். பெங்களூரில் பிறந்தவள். யானைகளின் நடத்தை பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். வழிகாட்ட இருளர் தாத்தா ஒருவர். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்று, மெதுவாக, "பாப்பா, பெரியவரு வர்றாரு" என்றிருக்கிறார். நம் வீட்டு வளர்ப்பு அல்லவா! ஊர்ப் பெரியவர் யாரோ வருகிறார் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லத் தயாராக நின்றிருக்கிறாள். மூங்கில் விலகியது. வந்தவர் கொம்பன்! தாத்தா அவள் முதுகுப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதில் உயிர் பிழைத்தாள், தொப்பி பிழைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "யானைன்னு சொல்லக்கூடாதா தாத்தா?" என்று கேட்டாளாம். "பேரு சொல்லிக் கூப்பிட்டா வந்துருவாரும்மா" என்றாராம் அவர். "கூப்பிடாமலேயே வந்துட்டாரே!" என்றாளாம் இவள்.

சிரிக்கிறீர்கள். என் தங்கை இன்னும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது இதுதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி, அந்த ஏடு தாத்தாவின் பேச்சில் இல்லை என்றால் இன்னும் மோசம். நாகரஹொளே, பந்திப்பூர், முதுமலை, வயநாடு எல்லாம் தொடர்ந்து கிடக்கும் ஒரே காடு, மூன்று மாநிலம். யானைக்குச் சோதனைச்சாவடி கிடையாது. ஆய்வாளருக்கு மட்டும் மலை இறங்கினால் பாஷை மாறிவிடும். கன்னடம் நம் பிள்ளைகளுக்குத் தெருவிலேயே வந்துவிடுகிறது, நல்லது. தமிழ்? பேசுவார்கள், பஸ் போர்டு படிக்கச் சொன்னால் அம்மாவைப் பார்ப்பார்கள். குறிஞ்சிக்குப் புலியையும் கரடியையும் கருப்பொருளாக வகுத்த மொழி ஐயா இது!

எங்கே படிப்பது? இங்கேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. சிவமொக்கா பக்கம் குவெம்பு பல்கலைக்கழகம், ஊட்டி அரசு கலைக் கல்லூரி, மயிலாடுதுறை மன்னம்பந்தல் கல்லூரி, டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம். விவரம் வேண்டுமென்றால் பேராசிரியர் ஐயாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, வேலை. அதற்குள் தலைவர் மணி அடித்துவிட்டார். ஏட்டுச் சுரைக்காய்... சரி, அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி அறையில் தமிழ் வகுப்பு. கட்டணம் இல்லை. போன வாரம் ஐந்து பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் வடைக்கு வந்தவர்கள். வடை இந்த வாரமும் உண்டு. நோட்டும் பென்சிலும் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.